அகதி வேடத்துக்கு ஆள் தேவை

வயது, மொழி, நிறம் தடையில்லை. கண்கள் பெரிதாக இருத்தல் நலம். அதிகம் பேசக் கூடாது. பேசினால் நன்றி மட்டும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் முன்னுரிமை. திடகாத்திரமான இளைஞர்கள் விண்ணப்பிக்க வேண்டாம், பார்வையாளர்கள் பயந்துவிடுவார்கள். கோபக்காரர்களுக்கு வேடமில்லை. உண்மையிலேயே கடலில் மிதந்த முன் அனுபவம் இருந்தால் கூடுதல் தகுதியாகக் கொள்ளப்படும்.

இப்படி ஒரு விளம்பரத்தை எந்தத் தயாரிப்பாளரும் கொடுத்ததில்லை. கொடுக்கத் தேவையும் இல்லை. அகதியும் சுற்றுலாப் பயணியும் சந்தித்துக்கொள்ளும் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்த இலக்கணம் தலைகீழ்ப் பாடம். ஒரு கடற்கரை, நல்ல வெயில். ஒருவர் விடுமுறைக்கு வந்திருப்பார், இன்னொருவர் கரை ஒதுங்கியிருப்பார். முதலில் மிரட்சி, அப்புறம் ஒரு பாட்டில் தண்ணீர், அப்புறம் ஒரு நீண்ட பார்வை, பின்னணியில் வயலின். பயணியின் உள்ளம் விரிந்து மனிதம் தழைத்ததும் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த அகதிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால் நீங்கள் ரசனை கெட்டவர். அவர் வந்தது பயணிக்கு மனசாட்சியை டெலிவரி செய்ய. கொடுத்தாயிற்று, கிளம்ப வேண்டியதுதானே.

விளம்பரத்தின் கடைசி வரி மட்டும் ஜோடனை இல்லை. இத்தாலிய இயக்குநர் எமானுவேலே கிரியாலேசேயின் ‘டெர்ராஃபெர்மா’ 2011-இல் வந்தது. அதில் அகதித் தாயாக நடித்த பெண், 2009-இல் மூன்று வாரம் மத்தியதரைக் கடலில் மிதந்த படகில் வந்தவர். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஏறிய படகு அது. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் ஐந்தே பேர், அவர்களில் ஒருவர் இவர். அந்தப் படத்துக்கு வெனிஸ் திரைப்பட விழா நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைக் கொடுத்துக் கை தட்டியது. வெனிஸ் என்றதும் ஒரு கட்டணப் பட்டியல் நினைவுக்கு வருகிறது. ஒருநாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் அந்த நகரம் 2024-இல் நுழைவுக் கட்டணமாக 5 யூரோ வாங்க ஆரம்பித்தது, அதற்கே உலகப் பயணிகள் கொதித்துப் போனார்கள். அதே நாட்டுக்குள் அனுமதியில்லாமல் கரையேறுகிறவருக்கு 2009-ஆம் வருடச் சட்டப்படி அபராதம் 5,000 யூரோவிலிருந்து 10,000 யூரோ வரை.

‘டெர்ராஃபெர்மா’ நல்ல படம். அதனால்தான் அதைப் பார்த்துக் கோபம் வருகிறது. கதை நடப்பது சிசிலிக்குத் தெற்கே லினோசா என்ற குட்டித் தீவில். எரிமலைக் கறுப்புப் பாறை, கொஞ்சம் வீடுகள், மீன் குறைந்துபோன கடல். பழைய படகை உடைக்கக் கொடுத்தால் அரசாங்கம் பணம் தருகிறது. ஃபிலிப்போ என்ற பையனின் சித்தப்பா நீனோ காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிறவர். வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, சுற்றுலாக் கூட்டத்தைப் படகில் ஏற்றிப் பாட்டுப் போட்டு ஆடவிடும் தொழிலுக்குப் போய்விட்டார். தாத்தா எர்னெஸ்தோவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. தண்ணீரில் தத்தளிப்பவனைக் கண்டால் தூக்கிப் போடு என்ற கடல் வழக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். மருமகள் ஜூலியெட்டா வீட்டைச் சீர்செய்து, வடக்கேயிருந்து வந்த மூன்று இளவட்டங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பிள்ளையோடு காரேஜுக்குக் குடிபோகிறாள். சீசன் வந்தால் தீவுக்காரனே தன் வீட்டில் அகதி.

அந்த நேரம் பார்த்துத்தான் தாத்தாவும் பேரன் ஃபிலிப்போவும் கடலில் ஒரு கூட்டத்தைப் பார்க்கிறார்கள். விதிப்படி கடலோரக் காவலுக்குச் சொல்கிறார்கள். ஏற்றாதே, காத்திரு என்று பதில். தண்ணீரில் குதித்தவர்கள் காத்திருப்பார்களா? தாத்தா தூக்கிப் போடுகிறார். அவர்களில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, கூடவே சிறுவன். அன்றிரவே காரேஜில் பிரசவம். வீட்டுக்குள்ளே பயணிகள் மெத்தையில் தூங்குகிறார்கள். காரேஜில் தொப்புள்கொடி அறுபடுகிறது. விடிந்ததும் தாத்தாவின் படகை அதிகாரிகள் பறிமுதல் செய்கிறார்கள், சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு உடந்தை என்று.

இந்தப் படத்தில் என்னால் மறக்கவே முடியாத காட்சி வேறு. ஃபிலிப்போ ஒரு ராத்திரி சுற்றுலா வந்த பெண்ணைப் படகில் ஏற்றிக்கொண்டு விளக்கோடு கடலுக்குப் போகிறான். இருபது வயதுப் பையன், அழகான பெண், ராத்திரிக் கடல். எந்த இயக்குநரும் இங்கே ஒரு பாட்டு வைத்திருப்பார். இருட்டுத் தண்ணீரில் கைகள் தெரிகின்றன. முதலில் சில, பிறகு நிறைய. நீந்தி வந்து படகின் விளிம்பைப் பிடிக்கின்றன. பையன் துடுப்பை எடுத்து அந்தக் கைகளை அடிக்கிறான். விரல் மேல், முழங்கை மேல், விடுகிற வரைக்கும் அடிக்கிறான். அகதிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் நடுவே இருப்பது ஒரு துடுப்பின் நீளம்தான். மறுநாள் அதே கூட்டத்தில் மிஞ்சியவர்கள் மணலில் ஊர்ந்து வருகிறார்கள், குளியல் உடையில் இருக்கும் பயணிகள் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்கள். நல்லவர்கள்தான். போலீஸ் வந்து தள்ளிப் போங்கள் என்றதும் தள்ளியும் போகிறார்கள்.

சினிமாக்காரன் மிகைப்படுத்துகிறான் என்று நினைப்பவர்களுக்கு: 2007 ஆகஸ்டில் துனீசியாவின் மீனவர்கள் ஏழு பேர், மூழ்கவிருந்த 44 பேரைக் காப்பாற்றி லினோசாவுக்குப் பக்கத்திலிருக்கும் லாம்பெடூசாவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கைக்கு விலங்கு. படகு பறிமுதல். தலைமை மாலுமிகள் இருவருக்குக் கீழ்க் கோர்ட்டில் தண்டனை. 2011-இல்தான் மேல்முறையீட்டில் விடுதலை. காப்பாற்றாமல் போயிருந்தால் வழக்கு இல்லை. அந்தக் கடல் மீனவர்களுக்குச் சட்டம் நடத்திய பாடம் இது, நன்றாகவே பதிந்திருக்கும்.

2013-இல் பயணிகளின் மதிப்பீடுகளை வைத்து ஒரு பிரபலச் சுற்றுலா இணையதளம் உலகத்தின் தலைசிறந்த கடற்கரையைத் தேர்ந்தெடுத்தது. லாம்பெடூசாவின் முயல் கடற்கரைக்கு முதலிடம். கண்ணாடி மாதிரித் தண்ணீர், வெள்ளை மணல், முட்டையிட வரும் ஆமைகள். அதே வருடம் அக்டோபர் 3-ஆம் தேதி விடியற்காலை, அந்தக் கடற்கரையின் கண்ணெதிரே ஒரு படகு தீப்பிடித்துக் கவிழ்ந்தது. பெரும்பாலும் எரித்ரியர்கள். 368 பேர் இறந்தார்கள், 155 பேர் தப்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த அங்கத எழுத்தாளனும் எழுதத் துணிய மாட்டான். அன்றைய பிரதமர் என்ரிக்கோ லெத்தா, இறந்தவர்கள் அனைவரும் இனி இத்தாலியக் குடிமக்கள் என்று அறிவித்தார். தப்பியவர்கள் மீது? சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்த குற்றத்துக்கு விசாரணை தொடங்கியது. செத்தவனுக்குக் குடியுரிமை, பிழைத்தவனுக்கு வழக்கு. மூச்சை நிறுத்திவிட்டு வா, வரவேற்கிறோம். அப்புறம் அக்ரிஜெந்தோவில் ஒரு நினைவு அஞ்சலி வைத்தார்கள். எந்த எரித்ரிய அரசாங்கத்திடமிருந்து தப்பி அந்த ஜனங்கள் கடலில் விழுந்தார்களோ, அதே அரசாங்கத்தின் தூதருக்கு அங்கே நாற்காலி. உயிர் தப்பியவர்கள் தீவிலேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள். சொந்த அண்ணன் தம்பி சாவுக்குப் போக அனுமதி இல்லை.

அகதிச் சிறுவன் ஆலன் குர்தியின் உடல் 2015 செப்டம்பரில் ஒதுங்கிய துருக்கியின் போத்ரும் பக்கமும் அப்படித்தான், ஐரோப்பியர்கள் வெயில் காய வரும் கரை. அங்கிருந்து எதிரே தெரியும் கோஸ் தீவுக்குப் பயணிகள் படகில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது, கட்டணம் இருபது யூரோ அளவில். அகதிகள் அதே தண்ணீரைக் காற்றடித்த ரப்பர் படகில் கடக்க ஆயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்தார்கள். டிக்கெட் கவுண்டரில் கேட்டது பணத்தை இல்லை, பாஸ்போர்ட்டை. அந்தப் பையன் சாவதற்குச் சில மாதம் முன்னால்தான் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ், அகதிகள் வந்து கோஸின் விடுமுறைக் காட்சியைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பயணிகளின் மனக்குறையைப் பெரிதாகப் போட்டிருந்தது. காசு கொடுத்தவர்கள் இல்லையா, கடலைப் பார்க்கும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது எதிரே ஈரத் துணியோடு யாராவது நின்றால் மீன் எப்படித் தொண்டையில் இறங்கும்?

2023 ஜூனில் இரண்டு கலங்கள் ஒரே வாரத்தில் மூழ்கின. ஜூன் 14 அன்று கிரீஸின் பைலோஸுக்கு அப்பால் ‘அத்ரியானா’ என்ற மீன்பிடிக் கப்பல். அதில் 750 பேர் வரை இருந்ததாகக் கணக்கு, பிழைத்தவர்கள் 104. கப்பல் தத்தளித்ததை ஐரோப்பிய எல்லைக் காவல் விமானம் மேலேயிருந்து படம் பிடித்தது, கிரேக்கக் கடலோரக் காவல் கப்பல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு நாள் கழித்து அட்லாண்டிக்கில் ‘டைட்டன்’ என்ற நீர்மூழ்கி. ஆளுக்கு 2,50,000 டாலர் டிக்கெட், ஐந்து பேர், நூறு வருடத்துக்கு முன்னால் மூழ்கிய ஒரு கப்பலைச் சுற்றிப் பார்க்கும் சுற்றுலா. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் எல்லாம் விமானமும் கப்பலும் ரோபோவும் அனுப்பித் தேடின. மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மணிக்கணக்கில் எண்ணித் தொலைக்காட்சிகள் சொல்லிக்கொண்டே இருந்தன. தேடியது தப்பா? தப்பே இல்லை, அவர்களும் உயிர்கள்தான். ‘டைட்டன்’ உள்ளே பாகிஸ்தானைச் சேர்ந்த கோடீஸ்வரத் தந்தையும் மகனும் இருந்தார்கள். ‘அத்ரியானா’வின் அடித்தளத்தில் பாகிஸ்தானியர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய ஆக்சிஜனை எண்ண ஒரு சேனலும் வரவில்லை.

‘அத்ரியானா’ மூழ்கிய ராத்திரி உதவிக்கு வந்த கலங்களில் ஒன்று ‘மாயன் குயின்’ என்ற சொகுசுப் படகு. நீளம் 93 மீட்டர், மெக்சிகோவின் வெள்ளிச் சுரங்கக் கோடீஸ்வரக் குடும்பத்துக்குச் சொந்தம். தப்பிய நூறு பேரைக் கலமாத்தா துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கியது அதுதான். பளபளக்கும் தளத்தில் போர்வை போர்த்திய நூறு பேர். எந்தத் திரைக்கதை ஆசிரியராவது எழுதிக் கொண்டுபோயிருந்தால், நம்பவே முடியவில்லை சார் என்று தயாரிப்பாளர் திருப்பிக் கொடுத்திருப்பார். பிழைத்தவர்களில் ஒன்பது எகிப்தியர்களை ஆள்கடத்தல்காரர்கள் என்று பிடித்துப் பதினோரு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். 2024 மே மாதம் நீதிமன்றம், இந்த வழக்கை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமே இல்லை என்று அனுப்பிவைத்தது. காப்பாற்ற எல்லை தடை, பிடித்துப் போட எல்லை தடையில்லை.

இதையெல்லாம் ஐந்து வருடம் முன்கூட்டியே எடுத்து வைத்த படம் ஒன்று உண்டு. வுல்ஃப்காங் ஃபிஷரின் ‘ஸ்டிக்ஸ்’, 2018. ரிக்கே என்ற ஜெர்மன் டாக்டர், கொலோனில் அவசர சிகிச்சை பார்க்கிறவள், விடுமுறைக்குத் தன்னந்தனியாக ஜிப்ரால்டரில் பாய்மரப் படகு ஏறி அசென்ஷன் தீவை நோக்கிப் போகிறாள். டார்வின் யோசனையில் உருவான காடு அங்கே இருக்கிறதாம், அதைப் பார்க்க. ஒரு புயல் ஓய்ந்த காலையில் எதிரே ஓட்டையான கப்பல், நிறைய ஜனம். வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறாள். தள்ளி நில்லுங்கள், உதவி வருகிறது என்று சொல்கிறார்கள். சரக்குக் கப்பல்காரர் நல்லவர்தான், ஆனால் கம்பெனி விதி அனுமதிக்காது. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். உதவி மட்டும் வரவில்லை.

அங்கிருந்து ஒரு சிறுவன் நீந்தி அவள் படகுக்கு வருகிறான். பெயர் கிங்ஸ்லி. பதினான்கு வயது இருக்கும். மருந்து போடுகிறாள், படுக்க வைக்கிறாள். இலக்கணப்படி இங்கே வயலின் ஆரம்பித்திருக்க வேண்டும். கண் விழித்த பையன் நன்றி சொல்லவில்லை. என் ஆட்கள் அங்கே சாகிறார்கள், படகைத் திருப்பு என்கிறான். அவள் தயங்கத் தயங்க, ஆத்திரம் பொங்கி அவளையே கடலில் தள்ளிவிடுகிறான். இந்த வகைப் படங்களில் நான் பார்த்த ஒரே மரியாதை தெரிந்த அகதி அவன்தான். தன்னை மட்டும் காப்பாற்றியதற்குக் கும்பிடு போட மறுத்தவன். பயணியின் மனசாட்சிக்கு ஒத்தடம் கொடுக்க வரவில்லை நான், அங்கே என் சனம் இருக்கிறது என்று சொன்னவன். விளம்பரத்துக்கு விண்ணப்பித்திருந்தால் முதல் சுற்றிலேயே கழித்திருப்பார்கள்.

இத்தாலியையும் கிரீஸையும் திட்டுவதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. தூரம். கொஞ்சம் கிட்டே வருவோம்.

2025 மே 1 அன்று ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வெளியானது. அபிஷன் ஜீவிந்தின் முதல் படம், சசிகுமார், சிம்ரன். பொருளாதாரம் நொறுங்கிய இலங்கையிலிருந்து ஒரு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக ராமேஸ்வரத்தில் இறங்கிச் சென்னைக்கு வந்து ஒரு காலனியில் குடியேறுகிறது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் கேரளா என்று சொல்லச் சொல்லித் தருகிறார்கள். வந்தாரை வாழவைக்கும் தமிழகத்தில், தமிழ் பேசும் குடும்பம் வீடு பிடிக்க மலையாளியாக வேடம் போட வேண்டியிருக்கிறது. அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிலோன்காரர் என்றால் போலீஸ் வந்து போகும், வேண்டாம் என்று கதவைச் சாத்திய வீட்டுக்காரர்களும் எங்களோடு உட்கார்ந்து சிரித்திருப்பார்கள்.

அந்தக் குடும்பம் என்ன செய்து காலனியை ஜெயிக்கிறது என்று பாருங்கள். குடிகாரப் பையனைத் திருத்துகிறது, தனிமையில் கிடக்கும் பெரியவருக்குத் தோள் கொடுக்கிறது, ஒருவரோடு ஒருவர் பேசாத தெருவை ஒரே குடும்பமாக்குகிறது. அத்தனை பேர் புண்ணையும் ஆற்றிய பிறகுதான் இவர்களும் மனுஷர்கள் என்ற சான்றிதழ் கிடைக்கிறது. சாதாரணமாக, ஒரு சிடுமூஞ்சி அப்பா, வாடகையை இழுத்தடிக்கும் அம்மா, தெருவில் சண்டை போடும் பிள்ளைகள் என்று வந்திருந்தால்? நம் காலனிகளில் அப்படி எத்தனை குடும்பம் பட்டாவோடு இருக்கிறது! அகதிக்கு மட்டும் அன்னை தெரசா ஆகும் வரை வாடகை ஒப்பந்தம் கிடையாது. இயக்குநரைக் குறை சொல்ல மாட்டேன். நாம் எப்படிப்பட்ட அகதியை மட்டும் சகித்துக்கொள்வோம் என்பதை அவர் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார், வசூலும் அதையே சொன்னது.

எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம் குலுங்கிக் குலுங்கி அழுதது. வெளியே வண்டி எடுக்கும் இடத்தில் அதே குடும்பத் தலைவர், பைக்கைச் சரியாகத் தள்ளி வைக்கவில்லை என்று வடமாநிலப் பையன் ஒருவனை, எங்கேயிருந்துடா வர்றீங்க, ஊரையே நாசம் பண்ண வந்துட்டீங்க என்று எகிறிக்கொண்டிருந்தார். கர்ச்சீப் இன்னும் கையில்தான் இருந்தது.

படம் ஓடிக்கொண்டிருந்த அதே மே மாதம் 19-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு. வழக்கொன்றில் தண்டனை அனுபவித்து முடித்தவர். திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து, மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள், இருக்க விடுங்கள் என்று கேட்டார். நாமே 140 கோடி பேரை வைத்துத் திண்டாடுகிறோம், உலகத்து அகதிகளையெல்லாம் தங்கவைக்க இது தர்மசாலையா, வேறு நாட்டுக்குப் போகட்டும் என்ற பொருளில் நீதிபதி கேட்டார். படத்தில் வந்த தர்மதாஸ் குடும்பத்துக்காக அழுத தமிழகம் அந்த வாரம் என்ன செய்தது? இரண்டாவது முறை படம் பார்க்கப் போனது. நாம் கணியன் பூங்குன்றனை ஐ.நா. சபை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனவர்கள். மண்டபம் அகதிகள் முகாம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போக மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதி என்றால் யார் என்று சொல்லும் தனிச் சட்டமும் இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கதவைத் திறந்தது. இலங்கையிலிருந்து வந்த இந்துவும் கிறிஸ்தவரும் திசை தப்பி வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மாநில அரசு மட்டும் சும்மா இருக்குமா? 2021-இல் முகாம்களின் பெயரை மாற்றியது. இனி அகதிகள் முகாம் இல்லை, மறுவாழ்வு முகாம். பலகைக்குப் புதுப் பெயின்ட். குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கினார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாலு பேர் மல்டிப்ளெக்ஸில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்து, இடைவேளையில் பாப்கார்னும் வாங்கினால் அந்தப் பணம் தீர்ந்துவிடும். முகாமில் செக்கிங் அன்றைக்கு ஆள் இல்லையென்றால் பெயர் வெட்டப்படும் என்ற பயம் தனி; வேலைக்கு வெளியூர் போனவன் அலறியடித்துக்கொண்டு ஓடி வர வேண்டும். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. 2022-இன் பசியில் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் தேதி பார்த்துப் பசித்திருக்க வேண்டும்.

அந்த மணல்திட்டுகளுக்கு நேர் எதிரே அரிச்சல்முனை. 2017-இல் போட்ட தார்ச்சாலை முடியும் இடம். சனி ஞாயிறு என்றால் வேன் வேனாக வந்து இறங்கி, கையை விரித்துக் கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். அதே கடலில் 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விட்டார்கள். பிரதமர் கொடியசைத்தார், பண்பாட்டு உறவு மலர்ந்தது. இலங்கைக்குப் போகும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளில் முதலிடம் இந்தியர்களுக்கு. அங்கே நமக்கு ராஜ உபசாரம்.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இருக்கிறார். 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் யாரும் பிறப்பாலேயே இந்தியர் என்கிறது சட்டம். அப்படியும் அவருக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்ன பிறகு கிடைத்தது. முகாம்வாசியாக இருந்துகொண்டே 2024 மக்களவைத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டார், 38 வயதில். இனி அவர் விரும்பினால் நாகப்பட்டினத்தில் டிக்கெட் வாங்கி, கப்பல் ஏறி, பெற்றோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த ஊரில் இந்தியச் சுற்றுலாப் பயணியாக இறங்கலாம், அங்கே விசாவும் கொடுப்பார்கள். திரும்பி வருகிற அன்று முகாமில் செக்கிங் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.